இன்ஜினுக்கு முதலில், நமக்கு அப்புறம்

பழைய ராணுவ வண்டிகள்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் எட்மண்டன் பனியில் நிற்கும் ஒரு பழைய டாட்ஜ் லாரியைப் பற்றி நாலு வரி எழுதினேன். பெட்டிக்குள் பெட்ரோலை எரித்துக் குளிர்காயும் ஏற்பாடு அதில் இருக்கிறது என்று சொன்னதுதான் தாமதம், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. என்னைத் தெரியாதவர்களுக்காக: ஊர் வேலூர் பக்கம். இருபத்திரண்டு வருஷம் ஈ.எம்.இ.யில் (இந்திய ராணுவத்தில் வண்டி, இயந்திரம் பழுதுபார்க்கும் பிரிவு) வண்டி மெக்கானிக், அதில் இரண்டு குளிர்காலம் லடாக்கில். இப்போது மகள் வீட்டில், கனடாவில் இருக்கிறேன். அந்த லாரி என்னுடையது அல்ல, பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. அவருக்கு எண்பத்தொன்று, எனக்கு எழுபத்திரண்டு. அவரால் குனிய முடியாத இடத்தில் நான் குனிகிறேன்.

ஓடுகிற இன்ஜின் எப்படியும் கொதிக்கத்தான் போகிறது. அந்த ரேடியேட்டர் சூட்டை உள்ளே திருப்பிவிட்டால் போதாதா? எதற்குத் தனியாக ஓர் அடுப்பு?
ச.மு., திருச்சி

திருச்சியில் இருந்துகொண்டு கேட்டால் நியாயமான கேள்விதான். லடாக்கின் லே ஊருக்குப் போவதற்கு முன்னால் நானும் இப்படித்தான் நினைத்தேன்.

இந்த லாரி டாட்ஜ் எம்-37. 1951 முதல் 1968 வரை அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த முக்கால் டன் வண்டி. கனடா ராணுவத்துக்கும் ஒரு வகை உண்டு. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 78 குதிரைத்திறன், 24 வோல்ட் மின்சாரம். தலைக்கு மேல் கித்தான், கதவோரம் முழுக்க இடுக்கு. வெளியே மைனஸ் 35 இருக்கும்போது ரேடியேட்டர் சூட்டை அதற்குள் விடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. சரி, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சூடு வர இன்ஜின் ஓட வேண்டுமே. ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற இன்ஜினை முதலில் ஓட வைப்பது யார்?

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். கவிழ்த்தாலும் இறங்காது. மைனஸ் 35-இல் இன்ஜின் ஆயிலும் ஏறக்குறைய அந்தக் கதிதான். அந்தக் கெட்டி எண்ணெய்க்குள் கிராங்கை, அதாவது இன்ஜினின் சுழல் தண்டை, சுழற்ற வேண்டும். பெட்ரோல் ஆவியாக மறுக்கிறது. பேட்டரியோ பாதி பலம்கூட இல்லாமல் கிடக்கிறது. மூன்று சங்கடமும் ஒரே காலையில்.

அதனால்தான் அமெரிக்க ராணுவம் ஒரு கணக்கு வைத்திருந்தது. சாதாரண வண்டி மைனஸ் 25 ஃபாரன்ஹீட் வரை, அதாவது நம் கணக்கில் மைனஸ் 32 செல்சியஸ் வரை, வேலை செய்ய வேண்டும். அதற்கும் கீழே, மைனஸ் 65 ஃபாரன்ஹீட் (மைனஸ் 54 செல்சியஸ்) வரைக்கும் போக வேண்டுமானால் 'ஆர்க்டிக் கிட்' என்ற தனிச் சாமான் தொகுப்பைப் பொருத்தியாக வேண்டும். அதில் இரண்டு ஹீட்டர் வரும். ஒன்று இன்ஜினுக்கு: எரிபொருளை எரித்து கூலண்டை (இன்ஜினைச் சுற்றி ஓடும் குளிர்விப்புத் திரவம்) சுடவைத்து, இன்ஜின் வழியாகவும் பேட்டரிப் பெட்டியின் அடித்தட்டு வழியாகவும் சுற்றவிடும். வண்டி நிற்கும் நேரமெல்லாம் இது எரிந்துகொண்டே இருக்கலாம். இரண்டாவது ஆட்களுக்கு: சூடான காற்றை உள்ளே ஊதும். கூடவே பானெட்டுக்கும் ரேடியேட்டருக்கும் ரஜாய் மாதிரி மெத்தைப் போர்வை, கித்தானுக்குப் பதில் குளிர்காப்பு வைத்த மூடிய கூண்டு, பேட்டரிக்குத் தடித்த சுவருள்ள பெட்டி.

வரிசையைக் கவனியுங்கள். இன்ஜினுக்கு முதலில், பேட்டரிக்கு அடுத்து, மனிதனுக்குக் கடைசியில். முதல் நாள் எனக்கு இது கோபமாகக்கூட இருந்தது. வண்டி கிளம்பாவிட்டால் அந்தப் பனிவெளியில் மனிதன் எத்தனை நேரம் தாங்குவான் என்று யோசித்த பிறகு கோபம் போய்விட்டது.

கால்கரியில் ஒரு எம்-37 வாங்கியிருக்கிறேன். டாஷ்போர்டுக்குக் கீழே 'சவுத் விண்ட்' என்று பித்தளைத் தகடு போட்ட ஹீட்டர் பெட்டி. 24 வோல்ட், 20,000 பி.டி.யு. என்று இருக்கிறது. விற்றவர் 'நன்றாக எரியும்' என்கிறார். ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கலாமா, ஐயா?
இ.ர., கால்கரி

தம்பி, கையை எடுங்கள். இதைப் படித்து முடித்த பிறகும் உடனே போட வேண்டாம்.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சவுத் விண்ட் அமெரிக்காவின் ஸ்டுவர்ட்-வார்னர் கம்பெனியின் சரக்கு. 1930-களில் கார்களுக்காக வந்தபோது கார்புரேட்டரிலிருந்தே கலவையை இழுத்து எரித்து, புகையை இன்ஜினின் உறிஞ்சு குழாய்க்கே திருப்பி அனுப்பும் தந்திரமான அமைப்பு. ராணுவ வண்டியில் இருப்பது அதன் பெரிய தம்பி. இன்ஜின் நின்றிருந்தாலும் தானாக எரியும். அதற்கென்று தனி எரிபொருள் குழாய், தனி ஊதுவிசிறி, தனி புகைக்குழாய். பி.டி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு. மணிக்கு 20,000 பி.டி.யு. என்றால் ஏறக்குறைய 6 கிலோவாட். வீட்டுக் குளியலறை கீசர் மூன்றைச் சேர்த்து வைத்த அளவு. மணிக்கு ஒரு லிட்டருக்குக் கிட்டப் பெட்ரோல் குடிக்கும்.

ஸ்விட்சைப் போட்டதும் இக்னைட்டர் கம்பி பழுக்கிறது, பெட்ரோல் கசிந்து ஆவியாகிப் பற்றுகிறது. அம்மா காலத்துப் பம்பு ஸ்டவ்வை நினைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் எரித்துக் குழாயைச் சுடவைத்தால்தானே நீலச் சுவாலை வரும்? அதே வித்தைதான். சுவாலை நிலைத்ததும் வெப்பம் பட்டு விரியும் ஒரு சின்ன ஸ்விட்ச் இக்னைட்டரை நிறுத்திவிடும். நீங்கள் அணைக்கும்போது பெட்ரோல் நின்றாலும் விசிறி மட்டும் இரண்டு மூன்று நிமிஷம் ஓடும். மிச்சப் புகையை வெளியே தள்ளி, பெட்டியை ஆறவைக்கும் வேலை அது. விசிறி நிற்கவில்லையே என்று அவசரப்பட்டு மெயின் ஸ்விட்சை அணைப்பவர்கள் உண்டு. உள்ளே தகடு கருகி வளைவது அப்படித்தான்.

இப்போது முக்கியமான இடம். சுவாலைக்கும் நீங்கள் மூச்சுவிடும் காற்றுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு தகடு. ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பார்கள். உட்பக்கம் நெருப்பும் புகையும், வெளிப்பக்கம் நம் காற்று. அந்தத் தகட்டுக்கு இன்று அறுபது, எழுபது வயது. துருவில் ஊசிமுனை ஓட்டை விழுந்திருந்தால் போதும், கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி வரும், குமட்டும், அப்புறம் தூக்கம் வரும். அந்தத் தூக்கம்தான் ஆபத்து. குளிருக்குச் சூடு கிடைத்த சுகத்தில் கண் சொருகுகிறது என்று மனம் சமாதானம் சொல்லும்.

எனவே பெட்டியை வண்டியிலிருந்து கழற்றுங்கள். வெளிக்கூட்டைப் பிரித்து எக்ஸ்சேஞ்சரை வெளியே எடுங்கள். பழைய கேஸ்கெட்டிலும் புகைக்குழாய் மேல் சுற்றிய துணியிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்று அடித்து ஊதாதீர்கள், நனைத்து எடுங்கள், முகமூடி போடுங்கள். எல்லா வாயையும் ரப்பர் அடைப்பால் மூடி, ஒரு வாயில் மட்டும் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றை ஏற்றுங்கள். கேஸ் சிலிண்டர் மாற்றும்போது ட்யூபில் சோப்பு நுரை தடவிப் பார்ப்போமே, அதேபோல் ஒவ்வொரு வெல்டிங் தையலிலும் தடவுங்கள். குமிழி வந்தால் கதை முடிந்தது. சிறு விமானங்களில் இதே குடும்பத்து ஹீட்டர்கள் இருக்கின்றன. அங்கே இந்தக் காற்றழுத்தச் சோதனையைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் ஹீட்டரும் ஒரு கடையிலிருந்து 'முழுக்கச் சரிபார்த்தது' என்ற சீட்டோடுதான் வந்தது. பச்சைப் பெயிண்ட் பளபளத்தது. சமையலறைத் தொட்டியில் போட்டு நுரை தடவினேன். புகை வாயை ஒட்டி, தலைமுடி அளவு விரிசலில் சின்னச் சின்னதாகக் குமிழி. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. போன மாசம் அதை எரித்துப் பார்க்க நாள் குறித்தவர் அவர்.

அதை ஒட்டவைக்கலாமா என்று கேட்காதீர்கள். மெல்லிய தகட்டில் போட்ட வெல்டிங் சூடேறி ஆறும்போது பக்கத்திலேயே பிளக்கும். நல்ல எக்ஸ்சேஞ்சர் தேடிப் பிடியுங்கள், இல்லையென்றால் பெட்டியை அழகுக்கு வைத்துக்கொண்டு, இன்ஜின் தண்ணீரில் ஓடும் சாதாரண ஹீட்டர் போடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் தடவை வண்டிக்கு வெளியே, தரையில் வைத்து, 24 வோல்ட் கொடுத்து எரித்துப் பாருங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். வண்டியில் பொருத்தும்போது புகைக்குழாய் வெளியே நீண்டு, பனி மூடாத உயரத்தில் முடிய வேண்டும். மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். ஆனால் வீட்டில் மாட்டும் கருவிகள் பெரும்பாலும் வீட்டுச் சூட்டில் வேலை செய்யவே செய்யப்பட்டவை. உறைபனி வண்டியில் அதை நம்ப முடியாது. குளிர் தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இவ்வளவும் செய்த பிறகும், ஹீட்டர் எரிய உள்ளே படுத்துத் தூங்குவது மட்டும் கூடாது.

ஹீட்டர் போட்டால் லேசாகப் பெட்ரோல் வாசம் வருகிறது. பழைய வண்டி என்றால் அப்படித்தானாமே?
பெயர் வேண்டாம், வின்னிபெக்

இல்லை. அணையுங்கள், கதவைத் திறங்கள், கசிவைக் கண்டுபிடிக்கும்வரை போடாதீர்கள். 'பழசு என்றால் அப்படித்தான்' என்று சொன்னவர் அந்த வண்டியில் ஏறுகிறாரா என்று பாருங்கள்.

என் அப்பாவும் லடாக்கில் சக்திமான் ஓட்டியவர். காலையில் வண்டிக்கு அடியில் தீ மூட்டுவோம் என்பார். நாங்கள் கதை விடுகிறார் என்று சிரிப்போம். உண்மையா?
வே.க., திருவண்ணாமலை

அம்மா, அப்பாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவர் சொன்னது உண்மை.

சக்திமான் என்பது ஜெர்மனியின் மான் கம்பெனி லைசென்சில் ஜபல்பூரில் செய்த டீசல் லாரி. டீசலுக்குப் பெட்ரோலைவிடக் கூடுதல் தொல்லை. அதிலுள்ள மெழுகு குளிரில் திரிந்து, பால் திரிந்த மாதிரி ஆகி, ஃபில்டரை அடைத்துவிடும். நாங்கள் மண்ணெண்ணெய் கலப்போம். பேட்டரியைக் கழற்றி, நாங்கள் படுக்கிற இடத்திலேயே, அறையைச் சூடாக்கும் புக்காரி அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி வைப்போம். ராத்திரியில் ஒருவன் முறை வைத்து எழுந்து இன்ஜினை ஓடவிட்டு வருவான். அந்த முறை வராமல் இருக்க என்னென்ன பேரம் நடக்கும் தெரியுமா! ஒரு பொட்டலம் பீடிக்கு என் முறையை விற்றிருக்கிறேன்.

இவ்வளவுக்கும் மசியாத வண்டிக்குத்தான் ஆயில் சம்ப்புக்கு (இன்ஜின் எண்ணெய் தேங்கும் அடித்தொட்டி) அடியில் தீ. தகரத்தில் மணல் போட்டு டீசல் ஊற்றிக் கொளுத்துவோம், இல்லையென்றால் சுவாலையைப் பீய்ச்சும் ப்ளோ லாம்ப். எண்ணெய் இளகும். ஆனால் சம்ப்பை ஒட்டியே வயரும் ஹோஸும் போகின்றன. ஒரு காலை அவசரத்தில் நான் ப்ளோ லாம்ப்பைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துவிட்டேன். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் வயரின் மேலுறை உருகி ஷார்ட் ஆனது. தீ பெரிதாகவில்லை. வண்டி மூன்று நாள் கிளம்பவில்லை, நானும் மூன்று நாள் யார் கண்ணிலும் படவில்லை.

அந்த உயரத்தில் இன்னொரு சங்கதி. லே 3,500 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கீழே நன்றாக எரியும் எந்த அடுப்பும் அங்கே கரி கக்கும். எண்ணெய் அதே அளவு, காற்று குறைவு. புக்காரிக் குழாயில் வாரம் ஒருமுறை கரி தட்டுவது எங்களுக்கு ஒரு தனி வேலை. அதைச் சோம்பலில் விட்ட ஒரு கூடாரத்தில் இரண்டு பேரைக் காலையில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். பிழைத்துக்கொண்டார்கள். கால்கரித் தம்பிக்கு மேலே நான் அவ்வளவு நீளமாக எழுதியது எதனால் என்று இப்போது புரிந்திருக்கும்.

2019-இல் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று குளிர்கால டீசல் கொண்டுவந்தது. மைனஸ் 33 டிகிரியிலும் ஊற்றக்கூடிய திரவமாக இருக்கும் சரக்கு. படித்தபோது ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பொறாமை.

இரண்டாம் உலகப் போரில் ரஷ்யக் குளிரில் ஜெர்மன் டாங்குகள் கிளம்பவே இல்லை என்கிறார்களே?
அ.பி., கல்லூரி மாணவர், மதுரை

கிளம்பவே இல்லை என்பது மிகை. 1941 குளிர்காலத்தில் தயாரில்லாமல் மாட்டினார்கள் என்பது உண்மை. அவர்களும் வண்டிக்கு அடியில் தீ மூட்டினார்கள். அதில் நாடு, கொடி பேதம் இல்லை. பிறகு பாடம் கற்றார்கள். ஓடிச் சூடான ஒரு டாங்கின் கூலண்டை ஹோஸ் வழியாகக் குளிர்ந்த டாங்குக்குள் சுற்றவிட்டு, ஒன்றால் இன்னொன்றைக் கிளப்பும் ஏற்பாடு வந்தது. பான்தர் டாங்கில் வெளியிலிருந்து ப்ளோ லாம்ப் காட்டி கூலண்டைச் சுடவைக்க இடம் வைத்தார்கள். இன்னொரு பழைய வித்தை, ராத்திரி நிறுத்தும் முன் இன்ஜின் ஆயிலிலேயே கொஞ்சம் பெட்ரோல் கலப்பது. எண்ணெய் நீர்த்து நிற்கும். காலையில் இன்ஜின் சூடானதும் பெட்ரோல் ஆவியாகிவிடும். விமானங்களிலும் இதைச் செய்தார்கள். அளவு தப்பினால் பேரிங் போய்விடும்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது சோவியத் ஆட்களின் புத்தி. அவர்களுடைய காஸ்-66 லாரியில் தொழிற்சாலையிலிருந்தே ஒரு பெட்ரோல் கொதிகலன் பொருத்தி வரும். அது இன்ஜின் தண்ணீரைச் சுடவைக்கும். வெளியேறும் புகையையும் வீணாக்காமல் ஆயில் சம்ப்புக்கு அடியில் திருப்பிவிடும். நாங்கள் லேயில் மணல் தகரத்தில் செய்ததையே அவர்கள் குழாய் போட்டுக் கௌரவமாகச் செய்திருக்கிறார்கள். கூலண்டுக்கு வழியில்லாத இடத்தில் ராத்திரி தண்ணீரை வடித்துவிட்டு, காலையில் கொதிகலனைப் பற்றவைத்துக்கொண்டு புனலில் தண்ணீர் ஊற்றுவார்கள்.

நான் இப்போது இருக்கும் ஊருக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1946 பிப்ரவரியில் கனடா ராணுவம் ஹட்சன் விரிகுடாக் கரையிலிருக்கும் சர்ச்சிலிலிருந்து கிளம்பி, வட துருவப் பக்கமெல்லாம் சுற்றி, மே மாதம் எட்மண்டன் வந்து சேர்ந்தது. ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். 'மஸ்க் ஆக்ஸ்' பயிற்சி என்று பெயர். போனது லாரிகளில் அல்ல, 'பெங்குவின்' என்ற, சங்கிலிப் பட்டையில் பனிமேல் ஓடும் வண்டிகளில். குளிரில் வண்டியும் ஆளும் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கத்தான் அந்தப் பயணமே.

புது பேட்டரி. ஆனால் ஒரு வாரம் குளிரில் நின்றதும் வயிறு புடைத்து வெடித்துவிட்டது. கம்பெனி மோசமா?
த.ந., ஒட்டாவா

கம்பெனியைத் திட்டுவதற்கு முன் பேட்டரியில் சார்ஜ் இருந்ததா என்று சொல்லுங்கள். முழு சார்ஜ் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரியின் அமிலம் மைனஸ் 60 வரைக்கும்கூட உறையாது. சார்ஜ் இறங்க இறங்க அமிலம் தண்ணீராகிக்கொண்டே வரும். காலியான பேட்டரி மைனஸ் 7, 8 டிகிரியிலேயே கட்டியாகிவிடும். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.265 காட்டினால் கவலையில்லை. 1.155 என்றால் மைனஸ் 15-இல் பனிக்கட்டி. உறைந்ததற்கு மேல் சார்ஜ் ஏற்றினாலோ ஜம்ப் கொடுத்தாலோ வெடிக்கும், அதையும் செய்துவிடாதீர்கள்.

முழு சார்ஜ் இருந்தாலும் மைனஸ் 18-இல் பேட்டரியின் தள்ளும் பலம் நாற்பது சதவீதம்தான் மிஞ்சும். அந்த ஆர்க்டிக் கிட்காரர்கள் மனிதனுக்கு முன் பேட்டரிக்குச் சூடு கொடுத்தது சும்மா இல்லை. எம்-37 போன்ற 24 வோல்ட் வண்டிகளில் 'ஸ்லேவ்' சாக்கெட் இருந்தால் பாருங்கள். இன்னொரு ராணுவ வண்டியிலிருந்து தடித்த கேபிளால் நேராக மின்சாரம் வாங்கலாம். பக்கத்து வீட்டு காரின் 12 வோல்ட்டை மட்டும் அதில் கொண்டுபோய்ச் சொருகாதீர்கள்.

தண்ணீரே கலக்காமல் சுத்தமான கூலண்ட் ஊற்றினேன். அப்படியும் உறைந்துவிட்டது. கலப்படமா?
ஜெ.ச., டொராண்டோ

கலப்படமில்லாததுதான் பிரச்சினை. கூலண்டின் மூலச் சரக்கான எத்திலீன் கிளைக்கால் தனியாக மைனஸ் 13-இலேயே உறையும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். அறுபது பங்கு கிளைக்காலுக்கு நாற்பது பங்கு தண்ணீர் என்றால் மைனஸ் 50-ஐத் தாண்டும். ஏறக்குறைய எழுபது பங்கைத் தாண்டிவிட்டால், கிளைக்கால் சேர்க்கச் சேர்க்க நிலைமை திரும்ப மோசமாகும். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பலம் என்று ரசத்துக்குப் பெருங்காயம் போடுகிற கணக்கு இங்கே ஆகாது. யோசித்தால் அங்கேயும் ஆகாது.

எம்-35 இரண்டரை டன் லாரியில் 'ஃப்ளேம் ஹீட்டர்' என்று ஒன்று இருக்கிறது. நண்பர் ஈத்தர் ஸ்ப்ரே அடித்தால் சுலபம் என்கிறார். எது நல்லது?
ப.கு., எட்மண்டன்

இரண்டில் ஒன்று. இரண்டும் சேர்ந்து எந்தக் காலத்திலும் கூடாது. ஈத்தர் என்பது சட்டென்று பற்றிக்கொள்ளும் திரவம். எம்-35ஏ2-வின் மல்ட்டிஃப்யூல் (பல வகை எரிபொருளில் ஓடும்) இன்ஜினில் உள்ள ஃப்ளேம் ஹீட்டர், இன்ஜினுக்குள் போகும் காற்றின் பாதையிலேயே எரிபொருளைத் தெளித்துப் பற்றவைத்து, காற்றைச் சுடவைத்து உள்ளே அனுப்புகிறது. அதாவது உறிஞ்சு குழாய்க்குள் உண்மையான சுவாலை இருக்கிறது. அங்கே போய் ஈத்தர் அடிப்பது எரிகிற விறகடுப்பில் பெட்ரோல் பாட்டிலைக் கவிழ்ப்பதற்குச் சமம். பல பேர் அந்த ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று நினைத்து ஸ்ப்ரேயை எடுக்கிறார்கள். பாதி நேரம் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். நண்பரிடமிருந்து அந்த டப்பாவை வாங்கி ஒளித்து வையுங்கள்.

எட்மண்டன்காரராகையால் இன்னொன்றும் சொல்கிறேன். வீட்டு வாசலிலேயே வண்டி நிற்குமானால் பிளாக் ஹீட்டர் போதும். கரண்ட் வயரைச் சொருகினால் இன்ஜினின் கூலண்ட் மெதுவாகச் சூடேறும். வடக்கு டகோட்டாவின் ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949-இல் காப்புரிமை வாங்கிய 'ஹெட்போல்ட் ஹீட்டர்' இந்த ஜாதியின் மூத்தவர்களில் ஒன்று. இன்ஜின் தலையில் இருக்கும் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் சூடேறும் போல்ட்டைத் திருகிவிடுவது. எளிமை என்றால் இதுதான். காட்டுக்குள் சொருக சாக்கெட் கிடையாது. ராணுவம் எண்ணெயை எரித்ததற்குக் காரணம் அதுதான்.

மியூசியத்தில் நாலு பெரிய துணிக்குழாயோடு சக்கரத்தில் நின்ற ஒரு ஊது இயந்திரம் பார்த்தேன். அதுவும் ஹீட்டரா?
ம.ச., வான்கூவர்

அது பெரும்பாலும் ஹெர்மன் நெல்சனாக இருக்கும். இங்கே பழைய சிப்பாய்கள் அதைச் சொந்தக்காரர் பெயர் மாதிரிச் சொல்வார்கள். பி.டி.-400 என்ற வகை மணிக்கு 4 லட்சம் பி.டி.யு. கொடுக்கும், கால்கரித் தம்பியின் பெட்டி இருபதைச் சேர்த்த அளவு. துணிக்குழாயை விமான இன்ஜினின் மூடிக்குள்ளோ லாரியின் பானெட்டுக்குள்ளோ சொருகிவிட்டால் உள்ளே கோடைக்காலம் வந்துவிடும். பெரியவர் இளமையில் அதன் குழாயைத் தன் கோட்டுக்குள்ளேயே விட்டுக்கொண்டு நின்று, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

ஊட்டியில் ஜோங்கா (பழைய ராணுவ ஜீப் வகை) வைத்திருக்கிறேன். டிசம்பர் காலையில் கை விறைக்கிறது. ஒரு பெட்ரோல் ஹீட்டர் இறக்குமதி செய்து மாட்டிவிடலாமா, சார்?
நீ.ம., உதகமண்டலம்

ஆசை புரிகிறது, சார். ஆனால் கொசுவுக்குப் பீரங்கி. ஊட்டி எவ்வளவு உறைந்தாலும் ஜீரோவை ஒட்டித்தான் நிற்கும். ஜோங்காவின் நாலு லிட்டர் இன்ஜின் பத்து நிமிஷத்தில் சூடாகிவிடும். அந்தத் தண்ணீரில் ஓடும் சின்ன ஹீட்டர் கோர் ஒன்றை உள்ளூர் ரேடியேட்டர் கடையிலேயே செய்து வாங்கலாம். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு பழைய ஹீட்டர்களின் ரப்பர் குழாயை அரிக்கும், தண்ணீரையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கதவு ரப்பரை மாற்றுங்கள், ஒரு நல்ல கம்பளிக் கையுறை வாங்குங்கள். மிச்சக் காசுக்கு வண்டியின் பிரேக்கைப் பாருங்கள். கோத்தகிரி இறக்கத்தில் அதுதான் தேவைப்படும்.

குளிரில் ராத்திரி வண்டியை நிறுத்தும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது ஒன்று சொல்லுங்கள்.
ரா.லெ., சஸ்கட்டூன்

ஒன்று கேட்டீர்கள், மூன்று சொல்கிறேன். ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். ஈரமான பிரேக் ஷூ டிரம்மோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். டயருக்கு அடியில் பலகையோ மரக்கிளையோ போட்டு நிறுத்துங்கள், இல்லையென்றால் காலையில் டயர் தரையோடு சேர்ந்திருக்கும். பெட்ரோல் டாங்கை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள். காலி இடத்துக் காற்றின் ஈரம் படிந்து தண்ணீராகி, குழாயில் உறைந்து, ஹீட்டருக்குப் போகும் சின்னத் துவாரத்தைத்தான் முதலில் அடைக்கும்.

போன செவ்வாய்க்கிழமை மைனஸ் 34. பெரியவரும் நானும் ஐந்தரைக்கே இறங்கி, புது எக்ஸ்சேஞ்சர் போட்ட ஹீட்டரை வெளியில் வைத்து நாலாவது தடவையாக எரித்துப் பார்த்தோம். சுவாலை சுத்தமாக இருந்தது. பானெட் போர்வையை எடுத்துவிட்டு, பிளாக் ஹீட்டர் வயரைப் பிடுங்கிவிட்டு, அவர் செல்ஃப்பை அழுத்தினார். நாலு சுற்று முனகிவிட்டுக் கிளம்பியது. பழைய நைலான் டயர் ராத்திரி நின்ற இடத்தில் தட்டையாகிவிடும். முதல் ஒரு கிலோமீட்டர் சதுரச் சக்கரத்தில் போவது மாதிரி தடதடவென்று போனோம். கடை முக்கு திரும்பும்போது உருண்டையாகிவிட்டது. ஹீட்டரை இன்னும் உள்ளே மாட்டவில்லை. மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வரட்டும் என்று காத்திருக்கிறோம்.